ரெண்டு போன் ஆன்ட்டி

பஸ் வர எத்தனை நிமிஷம்னு தெரிஞ்சுக்க நாமெல்லாம் ஒரு போனைப் பார்ப்போம். ஆன்ட்டி ரெண்டைப் பார்ப்பாங்க. ஒரே ஆப், ஒரே பஸ், ஒரே ஸ்டாப். "இது நாலு நிமிஷங்குது, அது மூணுங்குது"ன்னு முணுமுணுத்துக்கிட்டு, எது ஜெயிக்கப் போகுதுன்னு ரெண்டு கையிலயும் ரெண்டைப் பிடிச்சுக்கிட்டு நிப்பாங்க. ஒரு நாள் சிங்கப்பூர் தோ பாயோ ஸ்டாப்புல இந்தப் போட்டியைப் பார்க்குற மும்முரத்துல பஸ்ஸுக்குக் கை காட்ட மறந்துட்டாங்க. பஸ் நிக்காமப் போயிடுச்சு. "போனாப் போகுது, பச்சைதான் கரெக்ட்டாச் சொல்லுச்சு"ன்னு என்கிட்ட ரொம்ப சந்தோஷமாச் சொன்னாங்க.

பச்சைன்னா பச்சை உறை போட்ட ஆண்ட்ராய்டு. சிவப்புன்னா சிவப்பு உறை போட்ட ஐபோன். ஆன்ட்டி கல்யாணத் தரகர். பேரு எனக்கு இன்னைக்கு வரைக்கும் தெரியாது. எங்கம்மா போன்ல 'கல்யாண ஆன்ட்டி'ன்னு போட்டு வெச்சிருந்தாங்க, ஊர்ல மத்தவங்க 'ரெண்டு போன் ஆன்ட்டி'ன்னு சொல்லுவாங்க, நானும் அப்படியே விட்டுட்டேன். ஞாயித்துக்கிழமையானா தேக்கா மார்க்கெட்டை ஒட்டின சாப்பாட்டுக் கடைங்க நடுவுல, தூணுக்குப் பக்கத்துல, ஃபேனுக்கு நேர் கீழ இருக்கிற மேசைதான் அவங்க ஆபீஸ். இஞ்சி தட்டிப் போட்ட தே ஹாலியா ஒரு கிளாஸ், அதுக்கு வலது பக்கம் சிவப்பு, இடது பக்கம் பச்சை. டீக்கடைக்காரர் மேசை துடைக்க வந்தாருன்னா கிளாஸைத் தூக்கித் துடைப்பாரு, போன் இருக்கிற இடத்தைச் சுத்தித் துடைச்சுட்டுப் போயிடுவாரு.

மாப்பிள்ளை யாராவது வந்து உக்கார்ந்தா மத்த தரகருங்க மாதிரி வேலை என்ன, வீடு எத்தனை ரூம்னு ஆரம்பிக்க மாட்டாங்க. "தம்பி, அலாரத்தைக் கொஞ்சம் திறந்து காட்டுங்க"ம்பாங்க. ஆறு மணி, ஆறு அஞ்சு, ஆறு பத்து, ஆறே காலுன்னு வரிசையா இருந்தா, "இவரை எழுப்பவே ஒரு ஆளு வேணும் போல"ன்னு நோட்டுல எழுதிக்குவாங்க. பேட்டரி ஒன்பது பர்சென்ட்ல வந்து உக்கார்ந்தா, "அரிசி தீர்ந்தப்புறம் கடையைத் தேடுற ஆளு." படிக்காத மெயில் மேல சிவப்பு எண்ணு நாலாயிரத்தைத் தாண்டியிருந்தா அந்தத் தம்பிக்கு டீ வாங்கிக் குடுத்து அனுப்பிடுவாங்க, அவ்வளவுதான்.

எந்தப் போன்காரங்க எப்படிங்கிறதுக்கும் அவங்ககிட்ட ஒரு பெரிய சாஸ்திரமே இருந்துச்சு. "ஆண்ட்ராய்டுக்காரனுக்கு எங்க போனாலும் கீழ திரும்புற பட்டன் ஒண்ணு இருக்கு. அதனால எதுக்குள்ளயும் தைரியமா நுழைஞ்சிடுவான். ஐபோன்காரன் நுழையுறப்பவே வெளிய வர வழி எந்த மூலையில இருக்குன்னு பார்த்துட்டுத்தான் கால் வைப்பான்." இதைக் கேட்டு எத்தனை அம்மாக்கள் தலையாட்டியிருக்காங்கங்கிறீங்க. எங்கம்மாவும் ஆட்டினாங்க.

போட்டோ எடுக்கிறதுதான் எல்லாத்துக்கும் மேல. யாரை எடுத்தாலும் ரெண்டுலயும் எடுப்பாங்க. அந்தப் பச்சைப் போன் மூஞ்சியைத் தானாவே கொஞ்சம் வழவழன்னு ஆக்கி, கொஞ்சம் வெளுப்பாக்கிக் காட்டும். சிவப்பு அந்த வேலையெல்லாம் வெச்சுக்காது, பரு இருந்தா பரு. "அந்த செட்டிங்கை ஆஃப் பண்ணித் தரவா ஆன்ட்டி?"ன்னு நான் ஒரு தடவை கேட்டேன். வேணாம்னுட்டாங்க. "சிவப்புல எடுத்தா மாமியார் பார்க்குற முகம், பச்சையில எடுத்தா பெத்தவ பார்க்குற முகம். ரெண்டையும்தான் அனுப்பணும், அதுதான் நியாயம்"னாங்க.

நான் அவங்க மேசைக்குப் போனப்ப எனக்கு முப்பத்திரண்டு. லிட்டில் இந்தியாவுல ஒரு பல் கிளினிக்ல அசிஸ்டென்ட் வேலை. எனக்குக் கொஞ்சம் வாய் ஜாஸ்தி. நாள் பூரா அடுத்தவங்களை வாயைத் திறக்கச் சொல்லிட்டு நாம மூடிக்கிட்டு நிக்கிற வேலை, வேலை முடிஞ்சதும் மொத்தமா வெளிய வந்துடும். அம்மா முன்னால போக, நான் முறைச்சுக்கிட்டுப் பின்னால போனேன். ஆன்ட்டி என் போனை வாங்கினாங்க. ஆண்ட்ராய்டு. அலாரத்தைத் திறந்தாங்க.

"ஒண்ணே ஒண்ணுதான் வெச்சிருக்க?"

"ஒரு தடவை அடிச்சாப் போதாதா ஆன்ட்டி? எனக்குக் காது இருக்கே."

அம்மா மேசைக்கு அடியில என் காலை மிதிச்சாங்க. ஆன்ட்டி என்னை நிமிர்ந்து நல்லா ஒரு தடவை பார்த்துட்டு, சிவப்புல ஒண்ணும் பச்சையில ஒண்ணும் போட்டோ எடுத்தாங்க. "இந்தப் பொண்ணை நான் பார்த்துக்கிறேன்"னு அம்மாகிட்ட சொன்னாங்க.

அதுக்கப்புறம் ஒரு வருஷத்துக்கும் மேல ஒண்ணும் நடக்கல. மாசத்துக்கு ஒரு தடவை ஆன்ட்டி போன் பண்ணுவாங்க. "அந்த வீடு வேணாம்னுட்டேன்மா. பையனுக்குப் பதினாறு அலாரம்." இன்னொரு தடவை, "அவன் போன் பேசுறப்ப ஸ்பீக்கர்ல போட்டுப் பேசுறான், அதுவும் எம்ஆர்டி ரயில்ல." ஒவ்வொரு தடவையும் அவங்கதான் வேணாம்பாங்க. எங்கம்மாவுக்குப் பொறுமை போயிடுச்சு. "இவங்க தரகரா, தடுப்புச் சுவரா?"ன்னு என்கிட்ட கத்துவாங்க, ஆனா ஆன்ட்டி போன் வந்தா குரல் தேனா ஆயிடும். "ஆன்ட்டி சொன்னா சரியா இருக்கும்"னு முடிப்பாங்க. எனக்கோ, நம்மளைத் தேடி இத்தனை பேர் வர்றாங்க, ஆன்ட்டிதான் ரொம்ப சலிச்சுப் பார்க்குறாங்கன்னு உள்ளுக்குள்ள ஒரு பெருமை.

ஒரு விஷயத்துல மட்டும் ஆன்ட்டி இறங்கியே வர மாட்டாங்க. ஐபோன் வீட்டுக்கும் ஆண்ட்ராய்டு வீட்டுக்கும் சம்பந்தம் பேச மாட்டாங்க. கேக்குறவங்ககிட்ட, "ஒரே வீட்டுல ரெண்டு சார்ஜர், ஒருத்தருதை ஒருத்தர் கடன் கேக்கக்கூட முடியாது"ன்னு சிரிச்சு மழுப்பிடுவாங்க. அப்பெல்லாம் ரெண்டுக்கும் ஒயரு வேற வேற. உண்மையான காரணத்தை ஒரு மழை நாள்ல, பஸ் ஸ்டாப்புல மாட்டிக்கிட்டப்பதான் எனக்குச் சொன்னாங்க.

ரொம்ப முன்னாடி, அவங்ககிட்ட பச்சை மட்டும் இருந்த காலத்துல, ஒரு நிச்சயம் முடிச்சு வெச்சாங்களாம். மாப்பிள்ளை வீட்டுல எல்லாரும் ஐபோன். மண்டபத்துலயே ஐபோனுக்கு ஐபோன் நேராப் போற ஏர்டிராப்ல ஒருத்தருக்கொருத்தர் போட்டோவை அனுப்பிக்கிட்டாங்க, ஒவ்வொண்ணும் கண்ணாடி மாதிரி இருந்துச்சாம். பொண்ணு வீட்டுல எல்லாரும் ஆண்ட்ராய்டு. அவங்களுக்கு வாட்ஸப்ல ஒருத்தர் அனுப்பி, அதை இன்னொருத்தர் அனுப்பி, வந்து சேர்றப்ப பொண்ணு மூஞ்சியே கலங்கின தண்ணியில தெரியுற மாதிரி ஆயிடுச்சு. 'நல்லதை அவங்க வெச்சுக்கிட்டு நமக்கு மங்கலானதை அனுப்பியிருக்காங்க, நம்மளை அவ்வளவு மட்டமா நினைக்கிறாங்க'ன்னு பொண்ணோட பெரியம்மா ஆரம்பிச்சாங்களாம். பதிலுக்கு அவங்க ஒண்ணு சொல்ல, இவங்க ரெண்டு சொல்ல, ரெண்டே வாரத்துல நிச்சயம் முறிஞ்சு போச்சு.

"அந்தப் பொண்ணு என்கிட்ட வந்து என்ன சொல்லி அழுதுச்சு தெரியுமா? 'ஆன்ட்டி, நான் சிரிச்ச மாதிரி ஒரு நல்ல போட்டோகூட என்கிட்ட இல்ல'ன்னுச்சு. மறுநாளே போய் இந்தச் சிவப்பை வாங்கினேன். நடுவுல நிக்கிறவளுக்கு ரெண்டு பாஷையும் தெரியணும். தெரியாம நின்னேன், அது என் தப்பு." மழை விட்டு ரொம்ப நேரம் ஆகியும் நாங்க ரெண்டு பேரும் எந்திரிக்கல.

இப்படிப்பட்ட ஆன்ட்டி பண்ணின ஒரு தப்புலதான் என் கதையே ஆரம்பிச்சுது. ஒரு ஞாயித்துக்கிழமை அவங்க ஒரு மாப்பிள்ளையோட அம்மாவை மேசையில உக்கார வெச்சு என் பயோடேட்டாவைக் காட்டப் போனாங்க. நானும் அம்மாவும் பக்கத்துல மார்க்கெட்டுக்குள்ள காய் வாங்கிட்டிருந்தோம். முதல் பேச்சுல பொண்ணு இருக்கக்கூடாதே. பையன் ஆண்ட்ராய்டுதான், அந்தம்மா கையில மட்டும் ஐபோன், அதனால ஆன்ட்டி சிவப்புல ஏர்டிராப்பைத் திறந்திருக்காங்க. சுத்தி இருந்தவங்க போனெல்லாம் வட்ட வட்டமா வந்திருக்கு, அதுல ரெண்டு வட்டத்துக்கு 'ஐபோன்'னு மட்டும்தான் பேரு. வாங்கின நாள்ல இருந்து பேரு மாத்தாத ஆளுங்க ரெண்டு பேரு. ஆன்ட்டி ஒண்ணைத் தட்டினாங்க.

அது அந்தம்மா போன் இல்ல. ரெண்டு மேசை தள்ளி மீன்தலைக் கறி சாப்பிட்டுட்டிருந்த ஒருத்தரோடது. செம்பவாங் ஏரியாக்காரர், ஏர்கான் கம்பெனியில வேலை. எதிர்ல உக்கார்ந்திருந்த கூட்டாளி ஏதோ வீட்டு பிளானை ஏர்டிராப் பண்றேன்னு சொல்லிட்டிருந்தாராம். இவரு பார்க்காமலே 'சரி'ன்னு அமுக்கிட்டாரு. திறந்து பார்த்தா என் உயரம், என் நட்சத்திரம், என் போட்டோ ரெண்டு.

ஆன்ட்டி போன் பண்ணி, "பதறாத, ஒரு சின்னத் தப்பு நடந்துபோச்சு"ன்னு சொன்னாங்க. நான் முருங்கைக்காய் கட்டைக் கையில பிடிச்சபடியே போய் நின்னேன். அவரு ஆன்ட்டி மேசைக்குப் பக்கத்துல கறிக் கையோட நின்னுட்டிருந்தாரு.

"அழிங்க"ன்னேன்.

"அழிச்சுட்டேங்க."

"காட்டுங்க."

காட்டினாரு. இல்ல. நான் திரும்பி ரெண்டடி வெச்சேன். "ஒரு நிமிஷம்ங்க"ன்னு பின்னாலேயே வந்தாரு. "உண்மையில அது இன்னும் போகல. அழிச்சதெல்லாம் முப்பது நாளைக்கு இன்னொரு இடத்துல இருக்கும். அங்க போயும் அழிக்கணும். நீங்களே அழிச்சிடுங்க"ன்னு போனை என் கையில குடுத்தாரு.

என் போன்லயும் குப்பைத்தொட்டி உண்டு. ஆனா அதை இப்படி வலிய வந்து சொன்ன ஆளை நான் பார்த்ததில்ல. அழிச்சேன். அழிச்சுட்டு வெளிய வரத் தெரியல. கீழ திரும்புற பட்டனைத் தேடுறேன், அந்தப் போன்ல அது ஏது? கண்டதைத் தட்டி கேமராவுக்குள்ள போயி, என் சுருங்கின மூஞ்சியையே பெருசாப் பார்த்துட்டு நின்னேன். அவரு மேல் மூலையைக் காட்டிக் குடுத்தாரு. சிரிக்கல. அப்புறம் மெதுவா, "நூத்தி அறுபது செண்டிமீட்டர்னு போட்டிருக்கு. நீங்க அவ்வளவு இல்லைங்க"ன்னாரு.

எனக்கு வந்த கோபத்துக்கு முருங்கைக்காயாலயே ஒண்ணு போட்டிருக்கணும். சிரிச்சுத் தொலைச்சுட்டேன். அந்த உயரம் எங்கம்மா என் ஹீல்ஸோட சேர்த்து அளந்தது.

அடுத்த வாரம் அவரு பல் வலின்னு எங்க கிளினிக்குக்கு வந்தாரு. டாக்டர் மேல கீழ எல்லாம் பார்த்துட்டு, "பல்லுல ஒண்ணுமே இல்லையே"ன்னாரு. அதுக்கடுத்த வாரமும் வலிச்சுது. மூணாவது தடவை நானே, "டீ குடிக்கலாம், டாக்டரை விட்டுடுங்க"ன்னு சொல்லிட்டேன். ஒரு மாசத்துல எனக்குத் தெரிஞ்சு போச்சு. எனக்கு இந்த ஆளைப் பிடிச்சிருக்கு, கட்டினா இவரைத்தான். அம்மாகிட்ட சொன்னேன். அம்மா அதே தேன் குரல்ல, "ஆன்ட்டி சரின்னா சரி. ஆன்ட்டி வேணாம்னா நான் தாலி எடுத்துக் குடுக்க வரமாட்டேன்"னாங்க.

ஆக எல்லாம் ஆன்ட்டி வாயில வந்து நின்னுது. அவங்க மேசைக்கு ரெண்டு பேரும் போனோம். விஷயத்தைச் சொன்னதும் ஆன்ட்டி ரெண்டு போனையும் கவுத்து வெச்சாங்க. அப்படி அவங்க பண்ணி நான் பார்த்ததே இல்ல.

"மாட்டேன்"னாங்க. "இவரு ஐபோன், நீ ஆண்ட்ராய்டு. எனக்கு ஒரு தடவை பட்டது போதும்."

"போன்தானே ஆன்ட்டி, மாத்திக்கிறேன்"னு அவரு சொன்னாரு.

"மாத்திக்கிறேன்னு இன்னைக்குச் சொல்லுவீங்க தம்பி. ஒவ்வொரு நாளும் அதைச் சொல்லிக் காட்டுவீங்க." டீயை ஓரமாத் தள்ளி வெச்சாங்க. அப்புறம் ரவிக்கையில குத்தியிருந்த ஊக்கைக் கழட்டி, அதால ரெண்டு போனோட சிம்மையும் குத்தி வெளிய எடுத்தாங்க. "உங்க சிம்மை எடுங்க. சிவப்பு உனக்கு. பச்சை தம்பிக்கு. ஏழு நாள். மெசேஜெல்லாம் கூடாது, எதுவானாலும் கூப்பிட்டுத்தான் பேசணும். அடுத்த ஞாயிறு இதே மேசைக்கு வாங்க. அப்பச் சொல்றேன்."

"உங்களுக்குப் போன் ஆன்ட்டி?"

"போன் வர்றதுக்கு முன்னாடியும் சிங்கப்பூர்ல கல்யாணம் நடந்துட்டுத்தான் இருந்துச்சு"ன்னு சொல்லிட்டு அவங்க ரெண்டு சிம்மையும் முந்தானையில முடிஞ்சுக்கிட்டாங்க.

அந்த ஏழு நாள் இருக்கே. முதல் நாள் நான் ஒரு ஐகானை இழுத்துக் கீழ தனியா வைக்கப் பார்த்தேன், அது திரும்ப ஓடிப் போய் மேல வரிசையில நின்னுக்கிச்சு. வெச்சேன், ஓடுச்சு. வெச்சேன், ஓடுச்சு. அவரைக் கூப்பிட்டேன். "அதுக்கு அங்கதாங்க இடம், விட்டுடுங்க"ன்னாரு. அவரு அரை மணி நேரத்துல என்னைக் கூப்பிட்டாரு. "இது என்னங்க, எதைத் தொட்டாலும் இந்த ஒரு தடவையா, எப்பவுமான்னு கேக்குது? வக்கீல் மாதிரி?" சாயந்திரம் மறுபடி கூப்பிட்டாரு. பச்சையில ஒரு செல்ஃபி எடுத்திருக்காரு, அதைப் பார்த்துட்டு அவங்கம்மா, "பவுடர் போட்டுக்கிட்டா வேலைக்குப் போற?"ன்னு கேட்டுட்டாங்களாம்.

செவ்வாய்க்கிழமை சிவப்போட பக்கவாட்டுல இருந்த குட்டி சுவிட்சு என் பைக்குள்ள எதுலயோ பட்டுத் தட்டிக்கிச்சு. சத்தமே வரல. அவரு ஒன்பது தடவை கூப்பிட்டிருக்காரு. வேணும்னே எடுக்கலைன்னு அவருக்குக் கோபம், சுவிட்சு இருக்குன்னு சொல்லலைன்னு எனக்குக் கோபம். புதன்கிழமை அவரு ஏதோ ஒண்ணுக்கு, "ஐபோன்ல அது ரொம்ப ஈஸி லா"ன்னாரு. கடைசியில சேர்த்த அந்த லா இருக்கு பாருங்க, அது எனக்கு உச்சந்தலையில ஏறிடுச்சு. டப்புன்னு வெச்சுட்டேன். இனிமே நானாக் கூப்பிட்டா என் பேரை மாத்திக்கிறேன்னு சபதம் வேற.

ரெண்டு மணி நேரம்கூட ஆகல. நாற்காலியில ஒரு பாட்டையா வாயைத் திறந்துட்டுப் படுத்திருக்காரு, டாக்டர் உள்ள துளை போட்டுட்டிருக்காரு, என் யூனிஃபார்ம் பையிலிருந்து டார்ச் லைட் பளீர்னு அடிக்குது. எங்க கைபட்டுச்சோ. நிறுத்தத் தெரியல. கையால பொத்தினா விரல் இடுக்குல சிவப்பா எரியுது. பாட்டையா திறந்த வாயோட என்னையே பார்க்குறாரு. வெளிய ஓடிப்போய் அவரைக் கூப்பிட்டேன். "கீழயிருந்து மேல இழுத்து டார்ச் படத்தைத் தொடுங்க"ன்னாரு, அவ்வளவுதான், வேற ஒரு வார்த்தை சொல்லிக் காட்டல. லைட்டு அணைஞ்சுது. ரெண்டு பேருக்கும் ஒரே நேரத்துல சிரிப்பு வந்துடுச்சு.

இந்தக் கூத்துக்கு நடுவுல இன்னொண்ணு நடந்துட்டிருந்துச்சு. சிம்மை எடுத்தாலும் ஆன்ட்டியோட வாட்ஸப் அந்தப் போன்லயேதான் இருந்துச்சு. யாராவது ஒரு அம்மா அதுக்கு மெசேஜ் அனுப்பிட்டே இருப்பாங்க. தொழில் ரகசியம், நான் திறக்கல. சத்தியமா நாலு நாள் திறக்கல. வியாழக்கிழமை காலையில சிராங்கூன்ல ரயில் ஏறி உக்கார்ந்தேன், பூட்டின திரை மேலேயே ஒண்ணு வந்து நின்னுச்சு. "அந்தப் பல் கிளினிக் பொண்ணுக்கு இன்னும் ஆகலையா? பாவம்."

நான்தான் அந்தப் பாவம். திறந்தேன்.

மேல போய்ப் பார்த்தா, அது பதினாறு அலாரம் வெச்ச பையனோட அம்மா. பையனுக்கு அலாரமெல்லாம் ஒண்ணுமில்ல. போன வருஷம் அந்தம்மா எழுதியிருந்தாங்க. "பொண்ணு பரவாயில்ல. ஆனா முப்பத்திரண்டு. கலரும் கம்மி. அந்த ரெண்டாவது போட்டோவுல மாதிரி இருந்தாக்கூடப் பரவாயில்ல. வேற இருந்தா அனுப்புங்க." அதுக்குக் கீழ ஆன்ட்டி. "உங்க பையனுக்கு முப்பத்தாறு. காலண்டர் அவருக்கு மட்டும் நின்னுடுச்சா? வேற இருக்கு, ஆனா உங்களுக்கு அனுப்ப மாட்டேன்."

அடுத்த வீட்டைத் தேடினேன். ஸ்பீக்கர்ல பேசுற பையன். அவங்கம்மா, "பொண்ணுக்கு வாய் ஜாஸ்தின்னு கேள்விப்பட்டோம்." ஆன்ட்டி, "ஆமா, கேட்டா பதில் சொல்ற பொண்ணு. உங்களுக்குத் தலையாட்டுற பொண்ணு வேணும்னா பொம்மைக் கடைக்குப் போங்க." இப்படி அந்தச் சிவப்புல மட்டும் ஏழு வீடு. ஒரு வீட்டைக்கூட ஆன்ட்டி வேணாம்னு சொல்லல. ஏழு வீடும் என்னை வேணாம்னு சொல்லியிருக்காங்க. ஒவ்வொரு தடவையும் ஆன்ட்டி அவங்ககிட்ட சண்டை போட்டுட்டு, என்கிட்ட வந்து ஒரு அலாரக் கதை சொல்லியிருக்காங்க.

லிட்டில் இந்தியாவுல இறங்க வேண்டியவ கடைசி ஸ்டேஷன் ஹார்பர்ஃபிரண்ட் வரைக்கும் போயிட்டேன். அழுதேன்னு சொல்ல வெக்கமா இருக்கு, ஆனா அழுதேன். எதிர்ல உக்கார்ந்திருந்த சீன ஆன்ட்டி டிஷ்யூ பாக்கெட்டையே குடுத்துட்டு இறங்கிப் போனாங்க. திரும்பி வர்ற ரயில்ல, அந்தப் 'பாவம்'ங்கிற வார்த்தைக்குக் கீழ, ஆன்ட்டி பேருல நானே தட்டி அனுப்பினேன். "ஆகப்போகுது." அனுப்பினதுக்கப்புறம்தான் யோசிச்சேன். ஆன்ட்டி முடியாதுன்னுட்டா?

ஞாயித்துக்கிழமை போனோம். டீக்கடைக்காரர் எங்களைப் பார்த்ததும் தலையில அடிச்சுக்கிட்டாரு. "என்னப்பா பண்ணீங்க? வாரம் பூரா அம்மாமாருங்க இங்க நேர்ல வந்து வரிசை கட்டுறாங்க. ஆன்ட்டி இங்கிருந்து போறப்ப பஸ் ஸ்டாப்புல நிக்கிறவங்ககிட்ட பஸ் எத்தனை நிமிஷம்னு கேக்குறாங்க. ஒருத்தர் சொன்னா விடறாங்களா, இன்னொருத்தர்கிட்டயும் கேக்குறாங்க."

ஆன்ட்டி ரெண்டு போனையும் வாங்கி, கால் ஹிஸ்டரியைத் திறந்து பக்கத்துப் பக்கத்துல வெச்சாங்க. சிவப்புல போனது பச்சையில வந்திருக்கான்னு விரலை வெச்சு ஒவ்வொண்ணா ஒப்பிட்டுக்கிட்டே வந்தாங்க. டீ ஆறிப்போச்சு.

"புதன்கிழமை இங்க ரெண்டு மணி நேரம் ஒண்ணையும் காணோமே?"

"சண்டை ஆன்ட்டி."

"முதல்ல கூப்பிட்டது?"

"நான்."

"வெள்ளிக்கிழமை இங்க ஒரு இடைவெளி?"

"அதுவும் சண்டைதான். நான் கூப்பிட்டேன்"னு அவரு சொன்னாரு.

"தம்பிக்கு ஆண்ட்ராய்டு பிடிச்சுதா?"

"இல்ல ஆன்ட்டி. மன்னிச்சுக்கங்க."

"உனக்கு ஐபோன்?"

"சத்தியமா இல்ல."

ஆன்ட்டி மறுபடி விரலை அந்த லிஸ்ட்டுக்கே கொண்டு போனாங்க. எனக்குப் பொறுக்க முடியல. "ஆன்ட்டி, பதினாறு அலாரம்னு சொன்னீங்களே"ன்னு கேட்டேன். அவங்க விரல் நின்னுச்சு.

"படிச்சியா?"

"படிச்சேன்."

"என்கிட்ட இருந்த போன்ல நாலு வீடு இருந்துச்சு"ன்னு அவரு மெதுவாச் சொன்னாரு. பச்சையிலயும் இருந்திருக்கு. வாரம் பூரா அதைப் படிச்சு வெச்சுக்கிட்டு என்கிட்ட ஐகானைப் பத்தியே பேசியிருக்காரு மனுஷன்.

"அடுத்தவங்க போனைப் படிக்கிறது ரொம்பத் தப்பு"ன்னு ஆன்ட்டி கண்டிப்பாச் சொன்னாங்க, ஆனா கண்ணு எங்களைப் பார்க்கல. "அந்த 'ஆகப்போகுது' உன் வேலைதானே? அந்தம்மா நேத்து இங்க நேர்லயே வந்து நிக்குது. மாப்பிள்ளை யாரு, எந்த வீடுன்னு குடையுது."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"என்ன சொல்றது? இப்ப கையில போன் இல்ல, கல்யாணம் முடிஞ்சதும் போட்டோவே அனுப்புறேன்னு சொன்னேன்." ஆறின டீயை ஒரே மடக்குல குடிச்சாங்க. "போ, உங்கம்மாவைக் கூட்டிட்டு வா."

கல்யாணத்தன்னைக்கு ஆன்ட்டி ரெண்டு கையிலயும் ரெண்டு போனோட, புகைப்படக்காரரையே இடிச்சுத் தள்ளிக்கிட்டு முன்வரிசையில நின்னாங்க. அன்னைக்குச் சாயந்திரமே ரெண்டு வீட்டுக்கும் ஒரே போட்டோ, ஒரே தெளிவுல போய்ச் சேர்ந்துச்சு. எங்க பெரியம்மா பெருசாக்கிப் பெருசாக்கிப் பார்த்தாங்க, குறை சொல்ல ஒண்ணும் கிடைக்கல. எங்க வீட்டுல இன்னைக்கும் ஒரு ஐபோன், ஒரு ஆண்ட்ராய்டுதான். இப்ப ஆஸ்திரேலியாவுல, பெர்த்துல மகள் வீட்டுல இருக்கிற ஆன்ட்டிகிட்ட, ரெண்டுக்கும் ஒரே ஒயர் வந்துடுச்சுன்னு சொன்னப்ப, "அப்போ சண்டைக்கு என்ன பண்றீங்க?"ன்னு உண்மையான கவலையோட கேட்டாங்க.

கல்யாணமாகி கொஞ்ச நாள்ல ஆன்ட்டி, சார்ஜ் நிக்க மாட்டேங்குதுன்னு சிவப்பை என்கிட்ட குடுத்துட்டுக் கை கழுவப் போனாங்க. அடுத்தவங்க போனைப் படிக்கிறது ரொம்பத் தப்புதான். 'பாவம்'னு அனுப்பின அந்தம்மா பேரைத் தேடித் திறந்தேன். என்னோட 'ஆகப்போகுது'க்குக் கீழ ரெண்டு போட்டோ இருந்துச்சு. மாலையும் கழுத்துமா நான் அவரைப் பார்த்துச் சிரிக்கிறேன். ஒண்ணு சிவப்புல எடுத்தது, இன்னொண்ணு பச்சையில எடுத்தது. அதுக்குக் கீழ ஆன்ட்டி எழுதியிருந்தாங்க.

"முதல்ல இருக்கிறது மாமியார் பார்க்குற முகம், ரெண்டாவது பெத்தவ பார்க்குற முகம். ரெண்டையும் பக்கத்துல வெச்சு நல்லாப் பாருங்க. வித்தியாசம் இருந்தா சொல்லுங்க."

பக்கத்துல ரெண்டு நீல டிக் விழுந்திருந்துச்சு. பதில் வரல.